வன்னியில் பெரியவர்களுக்குப் படிப்பிக்கும் பகுதிநேர வேலை: யாரிடம் போய்க் கேட்பது?

மல்லாவிப் பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நீண்ட நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

எனக்கு 38 வயது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வெளிவாரியாகக் கலைப்பட்டம் முடித்தேன். ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். திட்டம் முடிந்ததும் அலுவலகத்தை மூடிவிட்டார்கள். என் கணவருக்கு வவுனிக்குளத்துக்குக் கீழே வயல். பிள்ளைகள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் மத்தியானம் ஒன்றரை வரை எனக்கு நேரம் இருக்கிறது. சனிக்கிழமையும் முடியும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. அதற்கு இங்கே ஆட்கள் தாராளம். பெரியவர்களுக்குப் படிப்பிக்க வேண்டும் என்பதுதான் ஆசை. அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரி உதவிக்கு விண்ணப்பம் வந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் பலருக்கு நான்தான் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும், நான் எழுதி முடியும்வரை பேனையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பிள்ளை, இதை நானே எழுதப் பழக்கிவிடமாட்டியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து மனதில் இதுதான் ஓடுகிறது.

எழுத்து, கைக்கணக்கு, கடைக்கணக்கு, கணினி, போனில் வங்கி வேலை பார்ப்பது, இதெல்லாம் என்னால் சொல்லிக் கொடுக்க முடியும். இரண்டு இடத்துக்குச் சுயவிபரக்கோவை அனுப்பினேன். ஒன்றில் பதிலே இல்லை. மற்றதில் என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்) இருக்கிறதா என்று கேட்டார்கள், என்னிடம் இல்லை. சும்மா செய்ய எனக்கு வசதியில்லை, கொஞ்சமாவது வருமானம் வேண்டும். இந்த வேலையை யார் தருகிறார்கள்? எந்தக் கந்தோர்ப் படி ஏறுவது?

முள்ளியவளை ஓய்வூதியர்:

தங்கச்சி, நான் முறைசாராக் கல்விப் பக்கத்தில் பல வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். நீங்கள் தேடுகிற வேலை பத்திரிகையிலும் வர்த்தமானியிலும் அநேகமாக வராது. அங்கே பார்த்துக்கொண்டிருந்தால் வருடம் போய்விடும்.

உங்கள் பகுதி துணுக்காய் கல்வி வலயம். வலயக் கல்வி அலுவலகத்தில் முறைசாராக் கல்வி என்று ஒரு பிரிவு இருக்கும். பள்ளிக்கூடத்தை விட்டு விலகியவர்களுக்கும் வளர்ந்தவர்களுக்கும் எழுத்தறிவு வகுப்பு, தையல், சமையல், கைப்பணி மாதிரிக் குறுங்கால வகுப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. படிப்பிப்பது பெரும்பாலும் பகுதிநேரப் போதனாசிரியர்கள். மணித்தியாலக் கணக்கில்தான் கொடுப்பனவு. ஓய்வூதியம், சேமலாப நிதி என்று எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

வெறும் கையோடு போய் "வேலை இருக்கிறதா?" என்று கேட்டால், "இப்போது இல்லை, வந்தால் சொல்கிறோம்" என்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், மேசையில் அன்றைக்கு உண்மையாகவே ஒன்றும் இருக்காது. வகுப்பை நீங்கள் கொண்டுபோக வேண்டும். படிக்க விருப்பமுள்ள பதினைந்து, இருபது பேரின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம். எந்த மண்டபம், எந்த நாள், எத்தனை மணி. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடமிருந்து ஒரு கடிதம், கிராம அலுவலரின் கையொப்பம். இவ்வளவையும் ஒரு கோவையில் போட்டு வைத்துவிட்டு, "வகுப்பு தயார், நடத்த அனுமதி தாருங்கள்" என்று கேளுங்கள். அந்த உத்தியோகத்தர் மேலே அனுப்புவதற்கு ஒரு காகிதம் கிடைத்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் கரையோரத்தில் தொடங்கிய முதல் எழுத்தறிவு வகுப்புக்கு முதல் நாள் பதினெட்டுப் பேர் வந்தார்கள். இரண்டாம் கிழமை நாலு பேர். நானும் ஊர் ஆட்களுக்கு அக்கறை இல்லை என்று எழுதி அனுப்பப் பார்த்தேன். அதில் ஒரு மீனவர்தான் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஐயா, போர்ட் றோட்டைப் பார்த்து நிற்குது. என்ரை மகன் பள்ளிக்கூடம் விட்டு அந்த றோட்டாலைதான் வாறவன்" என்றார். கரும்பலகையைத் தூக்கி மற்றச் சுவரில் மாட்டினேன். வாங்குகளைத் திருப்பிப் போட்டேன். நேரத்தையும் பள்ளிக்கூடம் விடும் நேரத்திலிருந்து தள்ளி வைத்தேன். போனவர்கள் பாதிக்கு மேல் திரும்பி வந்தார்கள். அவமானப்படாமல் உட்கார ஒரு இடம் கிடைத்தால் வளர்ந்த ஆள் படிக்கும்.

ஊசிநூல்:

ஐயா சொன்னது அத்தனையும் சரி. நான் காசு விஷயத்தைச் சொல்கிறேன், அதைத்தான் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை.

நான் புதுக்குடியிருப்பு. தையல் படிப்பிக்கிறேன். வட மாகாணக் கிராம அபிவிருத்தித் திணைக்களத்தின் தையல் நிலையத்தில் படித்து, பிறகு படிப்பிக்கவும் வந்தவள். நடுவில் ஒரு தனியார் நிறுவனத்துக்காக நாலு மாத வகுப்பு ஒன்றை எடுத்தேன். பெயர் வேண்டாம். கடைசி வகுப்பு முடிந்து ஐந்து மாதம் கழித்துத்தான் காசு வந்தது, அதிலும் ஒரு மாதத்துக் காசைக் காணவில்லை. "அந்த மாதம் வரவு குறைவு" என்றார்கள். அரிவு வெட்டு மாதம், பெண்கள் வயலில் நின்றார்கள். நான் ஒரு நாள் தவறாமல் போய் மண்டபத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். அதைக் காட்ட என் கையில் ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை.

அக்கா, அதனால் நீங்கள் முதல் நாளே நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை மணித்தியாலம், வரவு எத்தனை பேருக்குக் குறைந்தால் வகுப்பு நிற்கும், துணியும் நூலும் யார் வாங்குவது, எல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். வரவுப் பதிவேட்டை மாதக் கடைசியில் போனில் படம் எடுத்து வையுங்கள். வவுச்சரில் ஒப்பமிட முன் மணிக்கணக்கைக் கூட்டிப் பாருங்கள். கேட்க வெட்கமாகத்தான் இருக்கும். நான் வெட்கப்பட்டு ஒரு மாதக் காசை இழந்தேன்.

பஸ் காசும் அதில் ஒரு பங்கைத் தின்னும். நான் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்துக்கு மேலே வகுப்பு எடுப்பதில்லை.

பம்பைமடு வாசி:

வவுனியாவிலிருந்து எழுதுகிறேன். இன்னொரு வாசலும் இருக்கிறது, சிங்களம். 2007 யூலை 1 முதல் அரச சேவைக்கு வந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அதனால் வன்னியில் எந்தக் கந்தோரிலும் சிங்களம் படிக்க வேண்டிய உத்தியோகத்தர்கள் இருப்பார்கள். எழுத்துப் பரீட்சையும் உண்டு, பேச்சுப் பரீட்சையும் உண்டு. நான் அப்படி வளவாளராக, அதாவது வெளியிலிருந்து வந்து வகுப்பு நடத்துபவராகப் போகிறேன், பெரும்பாலும் சனி, ஞாயிறு. படிக்க வருபவர்கள் கிராம அலுவலர், தாதி, அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று பல வகை. இலக்கணத்தை விட்டுவிட்டு, அவர்களுடைய கந்தோருக்கு வந்த உண்மையான சிங்களக் கடிதத்தை வாசிக்கக் கொடுத்தால் வகுப்பு தானாக ஓடும்.

சகோதரிக்குச் சிங்களம் தெரியாவிட்டால் இது பொருந்தாது. தெரிந்த வேறு யாராவது இதை வாசித்தால் தேசிய மொழிகள் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் விசாரியுங்கள்.

பட்டறை:

மன்னிக்க வேண்டும் ஐயா, நான் கொஞ்சம் மாறிச் சொல்லப் போகிறேன். பெயர்ப்பட்டியல் கொண்டுபோனால் ஒரு வகுப்புக் கிடைக்கும், உண்மை. அடுத்த வருடமும் கிடைக்க வேண்டுமென்றால் சான்றிதழ் வேண்டும். நான் கிளிநொச்சியில் தொழிற்பயிற்சிப் பக்கம் இருக்கிறேன். 2016 இல் அறிவியல் நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் வந்த பிறகு இங்குள்ள பெற்றோரும் இளைஞரும் கேட்கிற முதல் கேள்வியே, "இது என்.வி.கியூ எத்தனையாம் மட்டம்?" என்பதுதான். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்து தரச்சான்று பெற்ற பாடநெறி என்றால் படிப்பிப்பவரின் தகைமையையும் பார்ப்பார்கள். பட்டம் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் மட்டும் போதாது.

அக்கா ஒன்பது வருடம் கணினியில் கணக்கு வேலை பார்த்திருக்கிறீர்கள். அதை வீணாக்க வேண்டாம். முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை ஒன்று இருக்கிறது. வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோவையாக்கிக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்டிச் சான்றிதழ் எடுக்கலாம். மேசன்மாரும் மின்னிணைப்பு வேலை செய்பவர்களும் அப்படித்தான் எடுக்கிறார்கள். பழைய அலுவலகத்தின் சேவைச் சான்றிதழ், நீங்கள் தயாரித்த கணக்கு அறிக்கைகளின் பிரதி, எல்லாவற்றையும் தேடி வையுங்கள். பிரதேச செயலகத்தில் திறன் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், அவரிடம் கேட்டால் எந்தத் துறையில் எந்த மட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்வார்.

முள்ளியவளை ஓய்வூதியர்:

தம்பி பட்டறை, சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணினிக்கும் தையலுக்கும் நீங்கள் சொல்வது சரி. அறுபது வயது அம்மாவுக்கு 'அ' எழுதப் பழக்க எந்த மட்டத்தில் சான்றிதழ் கேட்பது? அந்த வகுப்புத்தான் குறைவு, அதற்குத்தான் ஆள் இல்லை. தங்கச்சி அதைக் கேட்டுத்தான் வந்திருக்கிறார். சான்றிதழ் எடுத்த பிறகுதான் தொடங்குவேன் என்று அவர் ஒரு வருடம் காத்திருந்தால் அந்த அம்மாவுக்கும் ஒரு வயது கூடும்.

பட்டறை:

ஒத்துக்கொள்கிறேன் ஐயா. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம். நான் அவருடைய சாப்பாட்டுக்கும் வழி பார்த்துச் சொன்னேன். எழுத்தறிவு வகுப்பை மட்டும் நம்பி ஒரு வீடு ஓடாது.

மல்லாவிப் பிள்ளை:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. ஐயா, ஒரு சந்தேகம். பெயர் சேர்க்க வீடு வீடாகப் போனால், "உங்களுக்கு எழுதத் தெரியாதா?" என்று எப்படி ஒருவரிடம் கேட்பது? எனக்கு அந்தக் கேள்வி வாயில் வரவே மாட்டேன் என்கிறது.

முறிகண்டிக் கச்சான்:

ரீச்சர், நான் படித்த பக்கத்திலிருந்து சொல்கிறேன். பிழை இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள், மகள் பார்த்துத் திருத்தித் தருகிறாள்.

1996 இல் கிளிநொச்சியை விட்டு ஓடும்போது எனக்குப் பதினொரு வயது. அதற்கு முதலும் ஓட்டம்தான், ஒரு வகுப்பிலும் ஒழுங்காக இருந்ததில்லை. வகுப்பேற்றி விட்டிருந்தார்கள், ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியாது. பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. 2009 க்குப் பிறகு முகாம், மீள்குடியேற்றம். நான் முறிகண்டியில் கச்சான் விற்கிறேன். காசுக் கணக்கு மனதிலே ஓடும், ஒரு ரூபாய் தவறாது. காகிதத்தைக் கண்டால் மட்டும் கை நடுங்கும்.

நுண்கடன் எடுத்தேன். ஒன்றைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது. கிழமைக்கு ஒருமுறை வாசலில் வந்து நிற்பார்கள். நீட்டுகிற இடத்தில் ஒப்பமிடுவேன். 2018 இல் வரட்சி மாவட்டப் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரைக்குமான நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் சொன்னபோது, என்னுடையது அதற்குள் வருமா என்று பார்க்கக் கடன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூன்று வீடு போனேன். யாருக்கும் முழுக்க விளங்கவில்லை. அன்றைக்கு அழுதேன்.

அடுத்த வருடம் எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு ரீச்சர் வகுப்புத் தொடங்கினார். அவர் எழுதத் தெரியுமா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. "உங்கள் கடன் புத்தகம், கிளினிக் அட்டை, வங்கிப் புத்தகம் எதையாவது கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்" என்றுதான் வீட்டுக்கு வீடு சொன்னார். வாசிக்கத் தெரிந்தவர்களும் வந்தார்கள். ஆகவே யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று வெளியில் தெரியவில்லை. நான் முதலில் எழுதிய சொல் அம்மாவும் இல்லை, ஆடும் இல்லை. "மீதி". கடன் புத்தகத்தில் அந்தச் சொல்லுக்கு நேரே இருந்த எண்ணைத்தான் எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

அதனால் ரீச்சர், எங்களைப் "பிள்ளைகள்" என்று கூப்பிடாதீர்கள். அரிவு வெட்டுக்கும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் வராவிட்டால் பெயரை வெட்டாதீர்கள், நாங்கள் திரும்பி வருவோம். பிழையாக வாசித்தால் உடனே திருத்தாமல் கொஞ்சம் பொறுங்கள், பாதி நேரம் நாங்களே பிடித்துவிடுவோம்.

ஊசிநூல்:

கச்சான் அக்கா, "மீதி" என்ற அந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன்.

ஒட்டுசுட்டான் சேர்:

குறுக்கே ஒரு கேள்வி. நான் அரச பாடசாலை ஆசிரியர். சனிக்கிழமை இப்படி வகுப்பு எடுக்கலாமா?

முள்ளியவளை ஓய்வூதியர்:

எடுக்கலாம், அனுமதியோடு. அதிபர் ஊடாக வலயத்துக்கு எழுதி, பதில் எழுத்தில் வந்த பிறகு தொடங்குங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

மல்லாவிப் பிள்ளை:

ஏழு கிழமை கழித்து எழுதுகிறேன். என்ன நடந்தது என்று சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

கச்சான் அக்கா சொன்ன மாதிரியே, "கையில் இருக்கிற காகிதத்தைக் கொண்டு வாருங்கள்" என்றுதான் வீடுகளில் சொன்னேன். பதினாலு பெண்கள், மூன்று ஆண்கள் பெயர் தந்தார்கள். மாதர் சங்கத் தலைவி ஒரே நாளில் கடிதம் தந்தார். கிராம அலுவலரின் கையொப்பத்துக்கு நாலு தடவை அலைந்தேன், அவருக்கும் இரண்டு பிரிவு, பாவம்.

வலய அலுவலகத்தில் மரியாதையாகக் கதைத்தார்கள். இந்த வருட ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்றார்கள். எழும்பி வரப் பார்த்தேன், ஐயா சொன்னது ஞாபகம் வந்தது. கோவையை மேசையில் வைத்தேன். உத்தியோகத்தர் பெயர்ப்பட்டியலை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "ஜனவரியில் தொடங்குகிற திட்டத்துக்கு இப்போதுதான் எழுதுகிறோம், இதை அதில் போடுகிறேன்" என்றார். உறுதி இல்லை. ஆனாலும் பிரதி ஒன்றில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டேன்.

பிரதேச செயலகத்தில் வேறு ஒரு வாசல் திறந்தது. சுயதொழில் செய்யும் பெண்களுக்கு வரவு செலவு எழுதப் பழக்க வளவாளர் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆறு நாள் வகுப்பு. ஊசிநூல் தங்கச்சி எழுதியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் கேட்டேன். யாரும் கோபிக்கவில்லை, கடிதம் தந்தார்கள். ஆறு நாளும் முடிந்து காசும் கைக்கு வந்துவிட்டது. தம்பி பட்டறை, அந்தக் கடிதத்தையும் நீங்கள் சேர்க்கச் சொன்ன கோவைக்குள் வைத்திருக்கிறேன், என்.வி.கியூவுக்கு அடுத்த மாதம் போகிறேன்.

எழுத்து வகுப்பை ஜனவரிவரை தள்ளிப்போட மனம் வரவில்லை. செவ்வாய், வியாழன் காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை. இப்போதைக்குச் சம்பளம் இல்லை, கணவரும் சரி என்று சொல்லிவிட்டார். கரும்பலகை உட்சுவரில். அந்த அறுபது வயது அம்மா கிளினிக் அட்டையைக் கொண்டுவந்து, தன் பெயர் எது என்று விரலால் தேடினார். மூன்றாம் கிழமை பெயரை முழுதாக எழுதினார். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க மட்டும் என்னைப் பார்த்தார், நான் பேசாமல் இருந்தேன், அவரே வைத்தார்.

இப்போது ஒரு சிக்கல். நாலு பேர் தாளைக் கையை நீட்டித் தூரத்தில் பிடிக்கிறார்கள். எழுத்து விளங்கவில்லை என்று நான் நினைத்தேன். கண்தான் தெரியவில்லை போலிருக்கிறது. என்ன செய்யலாம்?

ஊசிநூல்:

தையலிலும் இதே கதைதான் அக்கா. நாற்பது தாண்டியவர்களுக்கு ஊசியில் நூல் கோர்க்க வராது, கெட்டித்தனம் குறைவு என்று மற்றவர்கள் நினைப்பார்கள். நான் புது வகுப்புத் தொடங்கும்போது முதல் நாளே எல்லோரிடமும் ஊசியையும் நூலையும் கொடுத்துப் பார்ப்பேன். ஆஸ்பத்திரிக் கண் கிளினிக் என்றைக்கு என்று கேட்டு, நாலு பேரையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போங்கள். தனியே போகச் சொன்னால் போகமாட்டார்கள். அதுவரைக்கும் வாசல் பக்கம், வெளிச்சத்தில் இருத்துங்கள்.

முறிகண்டிக் கச்சான்:

வாசல் பக்கம் இருத்தினால் றோட்டுக்குத் தெரியும் ரீச்சர். யன்னல் பக்கம் இருத்துங்கள். என்னிடம் ஒரு பழைய கண்ணாடி இருக்கிறது, இப்போது எனக்கு நம்பர் மாறிவிட்டது. யாருக்காவது பொருந்துமா என்று பாருங்கள், வெள்ளிக்கிழமை மாங்குளம் பக்கம் வருகிறேன், தந்துவிடுகிறேன்.

மல்லாவிப் பிள்ளை:

வாருங்கள் அக்கா. வெள்ளிக்கிழமை பிள்ளைகளை விட்டுவிட்டுப் பத்து மணிக்கு மாங்குளம் சந்தியில் நிற்பேன்.